"இது என்னுடைய வேலை இல்லை" என்று சொன்ன கோச்

அப்பா 2022 பெப்ரவரியில் காலமானார். சுன்னாகத்தில் எங்களுக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. கல்யாணக் காட், பாடசாலைப் பரீட்சைத் தாள், கலண்டர் எல்லாம் அடிப்போம். எல்லாவற்றிலும் கூட அடித்தது கல்வெட்டுத்தான். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் இறந்து 31ஆம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக, அவருடைய வாழ்க்கைக் கதை, தேவாரம், பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் சேர்த்து அச்சிடும் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். 30 வருடமாக ஊராருக்குக் கல்வெட்டு அடித்த மனிதர் அப்பா. அவருடைய 31ஆம் நாள் வந்தபோது நாட்டில் தாள் இல்லை. அந்த மார்ச் மாதம் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளையே தாள் தட்டுப்பாட்டால் தள்ளிவைத்தார்கள். மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. நாங்கள் அப்பாவுக்கு அடித்தது எட்டே பக்கம், அதுவும் மிச்சம் கிடந்த தாளில், கரண்ட் வந்த ஒரு இரவில். கீரிமலையில் 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டி முடிந்து வீட்டுக்கு வந்து அந்த மெல்லிய புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அழுகை வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் எனக்கு அழுகையே வரவில்லை.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த 2019இல் நான் வேலையை விட்டுவிட்டு அவரோடு நின்றேன். அம்மாவால் தனியாக அவரைத் தூக்கி இருத்த முடியாது. அண்ணா கனடாவில், ஸ்காபரோவில். மூன்று வருடம் அப்படியே போனது. அப்பா போனதும் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "இனி என்ன செய்யப் போறாய் பிள்ளை? பிரஸ்ஸை நடத்தப் போறியோ, வித்துப்போட்டுக் கனடாவுக்குப் போகப் போறியோ?" அண்ணா ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். முதலாம் ஆண்டுத் திவசம் வரை பார்ப்போம் என்று சொல்லித் தள்ளினேன். திவசமும் முடிந்தது. முடிவு வரவில்லை.

விடியப்புறம் மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும், பிறகு நித்திரை கிடையாது. பகலில் அச்சகத்துக் கதவைத் திறந்து கதிரையில் இருந்தால் பின்னேரம் வரை எழும்ப மாட்டேன். வந்த ஓடர்களுக்குப் பதில் சொல்ல ஃபோனை எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். சாப்பாடு மண் மாதிரி. அந்த நாட்களில் பெற்றோல் வரிசையிலும் காஸ் வரிசையிலும் நின்று முழு நாடுமே களைத்திருந்ததால், எனக்கும் அதுதான் என்று நினைத்தேன். முடிவெடுக்கத் தெரியாத சோம்பேறி ஆகிவிட்டேன் என்றும் நினைத்தேன். எனக்கு வருத்தம், அதாவது நோய், ஏதும் இருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் ஒரு நாளும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பலருக்கும் இதே கதைதான். வெட்கம் ஒரு காரணம். சின்ன வயதில் யாராவது கொஞ்சம் வித்தியாசமாக நடந்தால் "உன்னை மந்திகைக்குத்தான் கொண்டுபோகவேணும்" என்று பகிடி பண்ணுவோம், மனநோய்க்கு வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரி அங்கே இருந்ததால். ஆனால் என்னைத் தடுத்தது வெட்கத்தைவிட வேறொன்று. யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை, அதாவது கவுன்சிலிங், என்ற சொல்லைப் போர்தான் எங்களுக்குப் பழக்கியது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற மருத்துவர்கள் குண்டு விழுந்த காலத்திலும் இங்கே நின்று மனநலச் சேவை செய்தார்கள். சாந்திகம் போன்ற இடங்களில் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்தார்கள். அதனால் உளவளத்துணையாளருக்கு முன்னால் இருக்கும் கதிரை காணாமல் போன பிள்ளையைத் தேடும் தாய்மாருக்கு உரியது, முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவர்களுக்கு உரியது என்று என் மனதில் பதிந்திருந்தது. என் அப்பா வயது போய், கட்டிலில், நாங்கள் பக்கத்தில் இருக்க இறந்தார். நான் போய் அந்தக் கதிரையில் இருந்தால் அவர்களுடைய இடத்தைப் பிடித்தது மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்.

லைஃப் கோச் என்றால், கேள்வி கேட்டுக் கேட்டு எங்கள் இலக்கை நாங்களே அடைய உதவும் ஆள். அந்தச் சொல்லில் இந்தப் பாரம் ஒன்றும் இல்லை. கோச்சிடம் போகிறேன் என்றால் முன்னேறப் போகிறாள் என்றுதான் சனம் நினைக்கும்.

முதலில் போனது ஒரு மண்டபத்தில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்கு. பெயரைச் சொல்ல விரும்பவில்லை. 15,000 ரூபா கட்டினேன். ஏறத்தாழ 80 பேர். இரண்டாம் நாள் லைற்றை அணைத்து, பாட்டுப் போட்டு, கண்ணை மூடி இறந்துபோன ஒருவரை மன்னிக்கச் சொன்னார்கள். சுற்றிவர எல்லோரும் விம்மினார்கள். எனக்கு வரவில்லை. நடத்தியவர் மைக்கோடு என் பக்கத்தில் வந்து, "நீங்கள் இன்னும் அடைச்சு வைச்சிருக்கிறீங்கள். அதாலதான் உங்களுக்கு வெற்றி வரேல்லை" என்றார், எல்லோருக்கும் கேட்க. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா அழுகையை நிறுத்த முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தார். அவரை வெளியில் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தது தேநீர் பரிமாற வந்த பெடியன். பின்னேரம் 60,000 ரூபாவுக்கு அடுத்த கட்டப் பயிற்சிக்குப் படிவம் கொடுத்தார்கள். அந்த அம்மாவும் அதை நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இன்றைக்கும் அது எனக்குக் கோபம்தான். ஒருவருடைய துக்கத்தைத் திறந்துவிட்டால் அதை மூடி வீட்டுக்கு அனுப்பவும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் 2023 மார்ச்சில், கூடப் படித்த சிநேகிதி ஒருத்தி சொல்லி, கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு கோச்சோடு ஸூமில் தொடங்கினேன். அவரும் யாழ்ப்பாணம்தான், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் காசு கேட்பதற்கு முதல் அரை மணித்தியாலம் சும்மா கதைத்தார். ஒரு அமர்வுக்கு 6,000 ரூபா, ஆறு அமர்வு, பிடிக்காவிட்டால் எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்று எழுதி அனுப்பினார். நாங்கள் கதைப்பது யாருக்கும் போகாது என்பதும் அந்தக் கடிதத்தில் இருந்தது. சின்ன ஊரில் அது பெரிய விஷயம்.

அவர் கேட்ட கேள்விகள் நல்ல கேள்விகள். ஒரு வருடம் கழித்து எந்தக் காலைநேரத்தைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள்? இப்போது கையில் என்ன இருக்கிறது? என்னென்ன வழி இருக்கிறது? இந்தக் கிழமை எதைச் செய்வீர்கள்? இது குரோ என்ற முறை என்று பிறகு அறிந்தேன். 1980களில் பிரித்தானியாவில் உருவானது. அதைப் பரப்பிய ஜோன் விட்மோர் முன்னாள் கார் பந்தய வீரர். அவருக்கு முன்னோடி டிமதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர். லைஃப் கோச்சிங்கை ஒரு தொழிலாக நிறுவியவர்களில் முக்கியமானவர் தோமஸ் லெனார்ட், அவர் பணத் திட்டமிடல் ஆலோசகர். விளையாட்டு மைதானத்திலும் கணக்குப் பார்க்கும் மேசையிலும் பிறந்த கலை இது. வருகிறவருக்கு உடம்பும் மனமும் வேலை செய்கிறது, பாதை தெரிந்தால் போதும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. உளச்சிகிச்சை வைத்தியத்தில் இருந்து பிறந்தது. வருகிறவர் நோகிறார் என்பதில் இருந்து தொடங்குகிறது.

என் விஷயத்தில் அந்த நம்பிக்கைதான் பிழையாகப் போனது. முதல் அமர்வு முடிய, பழைய வாடிக்கையாளர் ஐந்து பேருக்கு ஃபோன் எடுப்பதாகச் சொன்னேன். எடுக்கவில்லை. இரண்டாம் கிழமை மூன்று பேர் என்று குறைத்தோம். எடுக்கவில்லை. மூன்றாம் கிழமை ஒருவர். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். நாலாவது அமர்வுக்கு முதல் நாள் இரவு முழுக்க, நாளைக்குக் கோச் அக்காவுக்கு என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் அன்றைக்குக் கேள்வியை மாற்றினார். "தங்கச்சி, நீங்கள் எத்தினை மணிக்கு முழிக்கிறனீங்கள்?" மூன்று மணி என்றேன். "எவ்வளவு காலமா?" ஒரு வருடம். "முந்திச் சந்தோசமாச் செய்த ஏதாவது இப்பவும் சந்தோசம் தருதோ?" நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "இது நான் செய்யிற வேலை இல்லை. நான் தொடர்ந்து உங்களிட்டைக் காசு வாங்கினா அது பிழை. முதல்ல ஒரு டொக்டரைப் பாருங்கோ. குணமாகி வாங்கோ, மிச்சம் இரண்டு அமர்வும் அப்பிடியே இருக்கும்."

கைவிட்டது மாதிரி இருந்தது எனக்கு. கமராவை அணைத்துவிட்டேன். நல்ல கோச்சின் ஒழுக்கமே அதுதான் என்று பிறகு விளங்கியது. 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் சம்மேளனத்தின் ஒழுக்க விதிகளும், தன் எல்லைக்கு அப்பால் போகும் விஷயத்தை உரிய நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவு எங்கள் வீட்டில் இருந்து கிட்ட. கிட்ட என்பதுதான் பயமாக இருந்தது. தெரிந்தவர்கள் கண்டால்? அம்மாவிடம் சொன்னேன். "நான் பிரஷருக்குக் கிளினிக் போறனான் தானே, வா ரெண்டு பேருமாப் போவம்" என்றார். அம்மா அவ்வளவு லேசாகச் சொல்லியிராவிட்டால் நான் போயிருக்க மாட்டேன்.

டொக்டர் போரைப் பற்றிக் கேட்பார், 1995 இடப்பெயர்வைப் பற்றிக் கேட்பார் என்று பதில்களைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். முதலில் அவர் கேட்டது நித்திரை, பசி, நிறை, மாதவிடாய். கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள் மனம் சோர்ந்திருந்தது, எத்தனை நாள் ஒன்றிலும் விருப்பம் இல்லை, எத்தனை நாள் உங்களையே குற்றம் சொன்னீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உயிரோடு இருந்து என்ன என்று யோசிப்பீர்களா என்றும் நேராகக் கேட்டார். சில நாள் வந்திருக்கிறது என்று முதல் தடவையாக ஒரு ஆளுக்கு முன்னால் சொன்னேன். அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை மூட்டிவிடும் என்று நாங்கள் பயப்படுகிறோம். அப்படி நடப்பதில்லை. எனக்கு அந்தக் கேள்வி கழுத்தில் இருந்து கயிற்றைக் கழற்றியது போல இருந்தது. இதை வாசிக்கும் யாருக்காவது அந்த நினைப்பு இருந்தால், கோச்சையும் தேட வேண்டாம், கிளினிக் நாள் வரை காத்திருக்கவும் வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இருக்கிறது. பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு எந்த நேரமும் போகலாம்.

பிறகு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு சுரப்பி மந்தமானாலும் இரத்தம் குறைந்தாலும் இதே களைப்பும் சோர்வும் வரும், முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்குத் தைராய்டு சரியாக இருந்தது. இரத்தம் கொஞ்சம் குறைவு. மண்டபத்தில் மைக் பிடித்தவர் "அடைச்சு வைச்சிருக்கிறீங்கள்" என்று சொன்ன ஆளுக்கு இரும்புச்சத்துக் குளிசையும் தேவைப்பட்டது! ஒரு கோச் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கும் பொறுப்பும் அவருக்கு இல்லை.

மனச்சோர்வுக்குக் குளிசையும் தொடங்கினார்கள். முதல் இரண்டு மூன்று கிழமை மாற்றம் தெரியாது, வயிறு கொஞ்சம் பிரட்டலாம், அதற்காக நிறுத்திவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னது உதவியாக இருந்தது. ஐந்தாம் கிழமை ஒருநாள் முழித்துப் பார்த்தபோது வெளியே வெளிச்சம். குணம் தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் எடுக்க வேண்டும், நிறுத்துவதென்றால் டொக்டர் சொல்லி மெல்ல மெல்லத்தான் என்றும் சொன்னார்கள். அரச ஆஸ்பத்திரி என்பதால் ஒரு சதமும் செலவில்லை. காத்திருப்புத்தான் நீளம்.

கிழமைக்கு ஒருமுறை உளவளத்துணையாளர் மிஸ்ஸையும் பார்த்தேன். கோச்சிங்குக்கும் சிகிச்சைக்கும் வித்தியாசம் எனக்கு உண்மையில் விளங்கியது அங்கேதான். சிகிச்சை என்றால் பழையதைக் கிளறுவது, கோச்சிங் என்றால் எதிர்காலம் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அப்படி இல்லை. கோச் அக்கா அப்பா எப்படிக் கணக்கு எழுதினார், எந்த வாடிக்கையாளரை எப்படி வைத்திருந்தார் என்று பழையதை நிறையக் கேட்டார். மிஸ் பெரும்பாலும் நாளைக் காலையைப் பற்றிக் கதைத்தார். 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கிய சிகிச்சைமுறையின் வழியில் வந்தது அது. இன்றைய நினைப்பையும் இன்றைய நடத்தையையும்தான் கூடுதலாகப் பார்க்கும்.

மிஸ்ஸும் வீட்டுவேலை கொடுத்தார். காலை ஏழு மணிக்குக் குளிப்பது. பிறகு சந்தி வரை நடந்து திரும்புவது. அவ்வளவுதான். போக முன்னும் வந்த பின்னும் மனம் எப்படி இருந்தது என்று பத்துக்கு ஒரு புள்ளி போட்டுக் கொப்பியில் எழுத வேண்டும். முதல் கிழமை ஏழு நாளில் இரண்டு நாள்தான் நடந்தேன். தலையைக் குனிந்துகொண்டு கொப்பியைக் கொடுத்தேன். அவர் அந்த இரண்டு நாளைப் பார்த்தார். "இந்த ரெண்டு நாளும் என்ன வித்தியாசமா நடந்தது?" என்று கேட்டார். இரண்டு நாளும் அம்மா என்னோடு வந்திருந்தார். சரி, அப்போ இந்தக் கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ என்றார்.

இரண்டு வீட்டுவேலையும் பார்வைக்கு ஒன்று போலத்தான். கோச்சிங்கில் வேலையை நான் தெரிவுசெய்தேன், அளவையும் நானே சொன்னேன், செய்யாவிட்டால் சொன்ன வாக்கு தவறியது என்று ஆகும். நல்ல உடம்போடு இருக்கும் ஆளுக்கு அந்த வாக்குத்தான் உந்துதல். எனக்கு அது தினமும் இன்னொரு தோல்வியைச் சேர்த்தது. சிகிச்சையில் அளவைத் தீர்மானிப்பது வருத்தத்தின் கனம். செய்ய முடியாமல் போனதும் அவர்களுக்கு ஒரு தகவல்தான். என்ன வருத்தம் என்று பார்ப்பதும், எவ்வளவு தாங்குவேன் என்று கணிப்பதும், மோசமானால் அடுத்த ஆளிடம் கொடுப்பதும் அவர்களுடைய பொறுப்பு. கோச்சிங்கில் முடிவின் பொறுப்பு முழுக்க என்னுடையது. அந்தப் பொறுப்பைத் தூக்க முதலில் எழும்பி நிற்க வேண்டும்.

கோச்சிங் வீண் என்று நான் சொல்லவில்லை. 2024 ஜனவரியில், டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, மிச்சமிருந்த இரண்டு அமர்வுக்குத் திரும்பிப் போனேன். அதே கேள்விகள், அதே கோச் அக்கா. இந்த முறை பதில் இருந்தது. "கையில் என்ன இருக்கிறது" என்று கேட்டபோது எழுதிப் பார்த்தோம்: கல்யாணக் காட் எல்லாம் ஃபோனிலேயே அனுப்பத் தொடங்கிவிட்டார்கள், அந்த வேலை திரும்பி வராது. கல்வெட்டுக் குறையவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எழுதத் தெரியாமல், படம் தேடத் தெரியாமல் திண்டாடுகிறார்கள். அச்சடிப்பதைவிட எழுதிக் கொடுப்பதுதான் அவர்களுக்குத் தேவை, அதுதான் எனக்கும் வரும். பெரிய மெஷினை விற்றேன். சின்னதை வைத்திருக்கிறேன். கனடாவுக்கு இப்போதைக்கு இல்லை என்று அண்ணாவுக்குச் சொல்ல வேண்டிய வசனத்தைக்கூட அக்காவோடு இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். உளவளத்துணை மிஸ்ஸிடம் மெஷின் விற்பதைப் பற்றிக் கேட்டிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்?

வேறொருவருடைய அப்பாவின் கல்வெட்டுக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் எனக்கு அழுகை வந்தது. பேனையை வைத்துவிட்டு அழுது முடித்து, மிச்சத்தை எழுதினேன்.

கோச்சைத் தேடுகிறவர்களுக்கு நடைமுறையில் சிலது சொல்லலாம். இலங்கையில் கோச் என்று பெயர்ப்பலகை போட எந்த அனுமதிப்பத்திரமும் தேவையில்லை. மனநல மருத்துவர் என்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்க வேண்டும். அதனால் கோச்சிடம் கேள்வி கேட்க வேண்டியவர் நீங்கள்தான். எத்தனை மணித்தியாலம் படித்தீர்கள் என்று கேளுங்கள். சர்வதேச கோச்சிங் சம்மேளனத்தின் ஆரம்பநிலைச் சான்றிதழுக்கே 60 மணித்தியாலப் படிப்பும் 100 மணித்தியாலக் கோச்சிங் அனுபவமும் தேவை, அடுத்த நிலைக்கு 125உம் 500உம். சான்றிதழ் இருந்தால் மட்டும் நல்லவர் என்றில்லை, ஆனால் இந்தக் கேள்விக்குக் கோபப்படுகிறவரை விட்டுவிடலாம். அடுத்தது, எப்போது ஒருவரை டொக்டரிடம் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். "எல்லாத்தையும் நானே பாப்பன்" என்பது மிக மோசமான பதில். மனச்சோர்வைக் குணமாக்குவேன், மருந்தை விட வைப்பேன் என்கிறவரிடம் ஒரு நாளும் போகாதீர்கள். டொக்டரிடமோ ஆஸ்பத்திரிக்கோ போகத் தயக்கம் என்றால் பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் தொடங்கலாம். உங்கள் துக்கம் சின்னது என்று நீங்களே அளந்து தள்ளிவிட வேண்டாம். அதை நான் ஒரு வருடத்துக்கு மேல் செய்தேன்.

போன மாதம் சித்தியின் மகள் கோலெடுத்தாள். பாங்க் வேலை பிடிக்கவில்லையாம். "அக்கா, உங்கட கோச்சின்ர நம்பரைத் தாங்கோ." நித்திரை எப்படி என்று கேட்டேன். "படுத்தா விடியத்தான் எழும்புவன்." சாப்பாடு? "அம்மா திட்டுற அளவுக்குச் சாப்பிடுறன்." பின்னேரங்களில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். கேக் ஐசிங் வகுப்புக்குப் போகிறாளாம், அதைப் பற்றிப் பத்து நிமிடம் நிறுத்தாமல் கதைத்தாள். நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், காசை முதலே பேசிக்கொள் என்றும் எழுதினேன்.